1,750 ரூபாயில் ஒரு பின்பம்பர்

எங்கள் குழுவில் ஐந்து பேர். காய்கறியைக் கோபி உழவர் சந்தைக்குக் கொண்டுபோக, பழைய டாடா ஏஸ் ஒன்றைப் பங்குபோட்டு வாங்கினோம். அதன் பின்பம்பர் துருப்பிடித்து விழுந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. 'வண்டி ஓடுதில்ல, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டது நான்தான்.

மார்கழிப் பனி. விடிகாலை நாலு மணி. வண்டியை ஓரம் நிறுத்தித் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தோம். பைக்கில் வந்த பையன் பின்னால் மோதிவிட்டான். தடுக்க ஒன்றும் இல்லாததால் முன்சக்கரம் தொட்டிக்கு அடியிலேயே போய்விட்டது. ஹெல்மெட் போட்டிருந்ததால் பிழைத்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. வங்கியில் 34 வருஷம் அடுத்தவர் கணக்கில் குறை கண்டுபிடித்தவனுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

புது பம்பருக்கு 5,000 ரூபாய் கேட்டார்கள். குழுக் கையிருப்பு அதில் பாதிகூட இல்லை. நாமே செய்யலாம் என்றார் எங்கள் பங்காளி ஒருவர். முன்பு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். இளையவர் ஒருவருக்கு முன்னாலும் கம்பி கட்ட ஆசை. 'கெத்தா இருக்கும் சார்!' முன்பக்கக் கம்பி கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. குறுக்கே வருகிற ஆளுக்கு அது எமன். அந்தப் பேச்சை அதோடு விட்டோம். பின்பம்பருக்கு மட்டும் படம் வரைந்து வாகன ஆய்வாளரிடம் காட்டி, பழைய இடம், பழைய அளவு மாறாமல் செய்வதென்று முடிவு செய்தோம்.

பழைய இரும்புக் கடையில் 75 மில்லிமீட்டர் சி-சேனல் கிடைத்தது. மீட்டருக்கு ஏழு கிலோ சொச்சம். 1.4 மீட்டருக்குப் பத்து கிலோ, பிளேட் நாலு கிலோ, கிலோ 60 வீதம் 840 ரூபாய். கடைக்காரர் ஜி.ஐ. பைப்பை மலிவாகத் தள்ளப் பார்த்தார். வாங்காதீர்கள். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் வைத்தால் வருகிற வெள்ளைப் புகை, ராத்திரி குளிர்காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். பங்காளி அனுபவப்பட்டவர்.

முதலில் அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துப் பார்த்தோம். பிறகு சேனலை அறுத்து, தாங்கு பிளேட்டுகளைப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, அளவு சரிபார்த்த பிறகே முழு வெல்டிங். ஒரே பக்கமாக இழுத்தால் சூட்டில் வளைந்துவிடும். இடமும் வலமும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சேசிஸில் நேரடியாக வெல்டிங் கூடவே கூடாது, அந்த இடம் பலவீனமாகிவிடும். ஏற்கெனவே இருந்த துளைகளில், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகளால் முடுக்கினோம். பம்பரைக் கழற்றித் தரையில் வைத்தே பற்றவைத்தோம். வண்டியிலேயே வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

இத்தனை அளந்தும் ஒன்று தப்பியது. பின்கதவை இறக்கினால் பம்பரில் இடித்தது! அட்டை வைத்தபோது கதவைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தாங்கு பிளேட்டை அறுத்து இரண்டு அங்குலம் இறக்கி மறுபடி வைத்ததில் ஒரு முழு நாள் போச்சு.

போல்ட்டு 200, ராடும் கட்டிங் சக்கரமும் 300, ரெட் ஆக்சைடும் பெயிண்டும் 260, சிவப்பு ஒளிரும் ஒட்டுப்பட்டை 150. ஆக மொத்தம் 1,750. பங்காளி கூலி வாங்கவில்லை. தூயமல்லி அரிசி ஒரு சிப்பம் கொடுத்தோம்.

பையனுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். போன வாரம் சந்தைக்கு வந்தவன் பம்பரைக் காலால் தட்டிப் பார்த்து, 'கெட்டியா இருக்குதுங்க சார்' என்றான். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு கட்டு கீரையை எடுத்து அவன் பையில் போட்டேன்.