உங்களுக்குத் தெரியுமா? பதுளை மணியும் கணினி மணியும்

● 1996 மே 25ஆம் திகதி பின்னிரவு 12.15 மணி என்ற ஒன்று பதுளையில் வரவே இல்லை. மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் தவித்த வருடம் அது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, 12 மணி அடித்ததும் நாடு முழுவதும் கடிகாரத்தை 1 மணிக்குத் தள்ளினார்கள். ஜாவாஸ்கிரிப்டில் கொழும்பு நேரவலயத்தை வைத்து அந்த நாளின் நள்ளிரவைக் கேட்டால், 1 மணி என்றுதான் பதில் வரும். சரியான பதில்தான்!

● அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணி நேரம் பின்னுக்கு வந்தோம். 2006 ஏப்ரல் 15இல், புத்தாண்டு பிறந்த கையோடு, இன்னொரு அரை மணி. அந்த இரண்டு நாட்களிலும் நள்ளிரவு 12 முதல் 12.30 வரையான நேரம் இரண்டு முறை வந்தது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்ததால், ஒரே தீவில் இரண்டு மணி ஓடியது.

● இதனால் அதிகம் அடிபடுவது ஜாதக மென்பொருள்தான். இலங்கை என்றாலே யூடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே என்று நிரலில் எழுதிவைத்தால், 1996 ஜூலையில் பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். 1998இல் பிறந்தவருக்கு அரை மணி. ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம்தான் நிற்கும். எல்லையில் பிறந்தவருக்கு லக்னமே மாறிவிடும். இப்போது பொருத்தம் பார்க்க வரிசையில் நிற்பவர்களில் பலர் அந்தப் பத்து வருடத்துப் பிள்ளைகள். தாத்தா பாட்டி ஜாதகமும் தப்பாது: 1942 முதல் 1945 வரை யுத்தத்துக்காகவும் கடிகாரம் முன்னே ஓடியது. ஆகவே நிரலில் எண்ணை எழுதாதீர்கள், ‘ஆசியா/கொழும்பு’ என்று ஊர்ப் பெயரை எழுதுங்கள். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிவைத்த நேரவலயத் தரவுத்தளத்தில் இந்த மாற்றங்கள் அத்தனையும் பதிவாகி இருக்கின்றன.

● தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து இரவெல்லாம் வாடி, விடியுமுன்னே ரோலருக்குப் போகும். ஏப்ரல் 1 அதிகாலை 4 மணிக்கு ரோலரடியில் நிற்பவரின் வரவை யூடிசி நேரத்தில் சேமித்தால், அது மார்ச் 31 இரவு 10.30. திகதியை அப்படியே வெட்டி எடுக்கும் சம்பள மென்பொருள், ஏப்ரலில் ஒரு பேரை, அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கை, குறைத்து மார்ச்சில் போட்டுவிடும். கையால் செக்ரோல் எழுதிய கணக்கப்பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. சம்பவம் நடந்த கணத்தை யூடிசியில் வையுங்கள். எந்த நாளுக்குப் பேர் என்பதைத் தனித் திகதியாக வையுங்கள். பெரட்டுக்களத்தில் நிற்பவருக்குத் தேவை பின்னதுதான்.

● அசாம் தேயிலைத் தோட்டங்களில் ‘பாகான் நேரம்’ என்று ஒன்று உண்டு. இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னே. தரவுத்தளத்தில் அதற்குப் பெயரே கிடையாது.

● அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த நாள் ஒளிந்திருக்கிறது. 1997 ஏப்ரல் 15இல் பிறந்த பெண்ணின் பழைய அட்டை 97606 என்று தொடங்கும்: 97 வருடம், 106 நாள், பெண் என்பதால் கூட்டிய 500. புதிய 12 இலக்க அட்டையில் 1997606. இதில் ஒரு சூட்சுமம். எல்லா வருடத்துக்கும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணுகிறார்கள். மார்ச் 1 எப்போதுமே 61ஆம் நாள். நிரல்மொழியின் வழக்கமான செயற்கூற்றிடம் 1997இன் 106ஆம் நாளைக் கேட்டால் ஏப்ரல் 16 என்று சொல்லும். ஜனவரியில் பிறந்தவரின் அட்டையை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்தால், பிழை கண்ணில் படாது.

● ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜனவரி பூச்சிய மாதம், டிசம்பர் 11ஆம் மாதம். ஆனால் நாட்கள் 1இல்தான் தொடங்கும். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்காதீர்கள், ஜாவாவிடமிருந்து வாங்கிய சொத்து.

● கல்யாணத் திகதியை ‘1997-04-15’ என்ற வடிவில் மட்டும் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். பதுளையில் அன்று அது காலை 6 மணி, ஆகவே திகதி மாறாது. டொரொண்டோவில் இருக்கும் சித்தப்பாவின் கணினியில் 14ஆம் திகதி. அவர் ஒரு நாள் முந்தி வாழ்த்தினால் கோபிக்காதீர்கள்.

● கோட்டையில் இரவுத் தபால் ரயில் ஏறுகிறவர் மறுநாள்தான் பதுளையில் இறங்குவார். புறப்படும் மணி, சேரும் மணி இரண்டையும் ஒரே திகதியில் வைத்துக் கழித்தால், பயண நேரம் எதிர்மறையில் வரும்.

● 1970 ஜனவரி 1 யூடிசி நள்ளிரவிலிருந்து, அதாவது பதுளையில் காலை 5.30இலிருந்து, வினாடி எண்ணும் பழைய 32 பிட் அமைப்புகளுக்கு 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை காலை 8.44.07க்கு எண்ணிக்கை தீரும். அடுத்த வினாடியில் அவற்றில் பல 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். பதுளைக்கு ரயில் வர இன்னும் 22 வருடத்துக்கு மேல் பாக்கியிருந்த காலம். 1983இல் பிறந்த ஆண் தொழிலாளி 55 வயதாகி ஈபிஎஃப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் வருடமும் 2038தான்.