பழைய லோரி: எஞ்சினைப் பிரிக்கும் முன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

பழைய லோரி காலையில் எளிதில் கிளம்ப மறுக்கிறது. மேடு ஏறும்போது இழுவை குறைகிறது, புகையும் கூடுகிறது. பட்டறைக்குக் கொண்டு போனால், "எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும்" என்ற பதில் வருகிறது. ஒரே லோரியை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு இது பல ஆயிரம் வெள்ளிச் செலவு. வண்டி ஓடாத நாள்களின் வருமான இழப்பு வேறு. எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்பதைப் பிரிக்காமலே அறிய வழி உண்டா? உண்டு. பட்டறைகளில் ‘கம்ப்ரெஷன் டெஸ்ட்’ என்று சொல்லப்படும் அழுத்தச் சோதனைதான் அது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது உள்ளே இருக்கும் காற்று 17 முதல் 20 மடங்கு வரை நெருக்கப்பட்டு, 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றுகிறது. பிஸ்டன் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் வழியாகக் காற்று கசிந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் டீசல் சரியாக எரியாது.

சோதனை முறையாக நடந்தால்தான் முடிவு நம்பத் தக்கதாக இருக்கும். முதலில் வால்வு இடைவெளி சரிபார்க்கப்பட வேண்டும். எஞ்சின் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். பேட்டரி முழு மின்னேற்றத்தில் இருக்க வேண்டும். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கக் கூடாது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினுக்கு டீசல் வராமல் நிறுத்திவிட வேண்டும். பிறகு எல்லாச் சிலிண்டர்களின் குளோ பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் ஸ்டார்ட்டர் தடையின்றிச் சுற்றாது. இன்ஜெக்டரைக் கழற்றினால், திரும்பப் பூட்டும்போது செம்பு வாஷரைப் புதிதாகப் போடுவது அவசியம்.

அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தி, முள் ஏறி நிற்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஏறக்குறைய ஐந்து விநாடி போதும். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: பெட்ரோல் வாகனத்திற்கான அழுத்தமானி பெரும்பாலும் 300 பி.எஸ்.ஐ. வரைதான் தாங்கும். டீசலில் அதைப் பொருத்தினால் உடைந்து காயம் விளைவிக்கலாம். டீசலுக்கென்றே உள்ள கருவிதான் வேண்டும்.

எவ்வளவு அழுத்தம் இருந்தால் நல்லது? நல்ல நிலையில் உள்ள பல பழைய டீசல் எஞ்சின்கள் 400 பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காட்டும். 300க்கு அருகில் இறங்கினால் கவலைப்பட வேண்டியதுதான். ஆயினும் அந்தந்த எஞ்சினின் கையேட்டில் உள்ள எல்லைதான் இறுதி முடிவு. கையேட்டில் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ என்று இருந்தால், ஒரு கிலோவை 14.2 பி.எஸ்.ஐ. என்று கணக்கிடலாம்.

தனி எண்ணை விட, சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே அதிகம் பேசும். நான்கு சிலிண்டர்கள் 410, 400, 405, 400 என்று காட்டினால் எஞ்சினைப் பிரிக்க அவசரம் இல்லை. 410, 400, 270, 405 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் குறைந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். நான்கும் ஒரே அளவில் குறைந்தால் பொதுவான தேய்மானம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் பேட்டரி தளர்ந்து ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றியிருந்தாலும் இதே முடிவுதான் வரும். ஆகவே பேட்டரியைச் சரிசெய்து மீண்டும் ஒரு முறை அளக்க வேண்டும்.

முள் நகரும் விதத்தையும் கவனிக்க வேண்டும். முதல் சுற்றில் குறைவாகக் காட்டிப் படிப்படியாக ஏறினால் ரிங் தேய்மானம். குறைவாகவே நின்றுவிட்டால் வால்வுக் கசிவு என்று கருதலாம். உறுதி செய்ய, பிஸ்டன் உச்சியில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திப் பார்க்கலாம். எண்ணெய் ஊற்றும் வாயில் சத்தம் பலமாகக் கேட்டால் ரிங். புகைக்குழாயிலோ காற்று நுழையும் வழியிலோ கேட்டால் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல்.

சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் ஊற்றி மறுபடி அளப்பது பெட்ரோல் எஞ்சினுக்கு உரிய முறை. டீசலில் எரியறை மிகச் சிறியது. எண்ணெய் அந்த இடத்தை அடைத்து அளவைத் தவறாகக் காட்டும். அளவு மிஞ்சினால் கனெக்டிங் ராடு வளையவும் கூடும்.

அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும் லோரி கறுப்புப் புகை விட்டால்? காற்று வடிகட்டி, இன்ஜெக்டர், டீசல் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வாகனச் சோதனையில் புகை அளவு மிஞ்சித் தோற்ற ஒரே காரணத்திற்காக எஞ்சினைப் பிரித்துவிட வேண்டியதில்லை.

பட்டறைக்காரரின் காதும் அனுபவமும் மதிப்புமிக்கவை. ஆனாலும் பெரிய செலவுக்குத் தலையாட்டும் முன், ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி உரிமையாளர் கேட்பதில் தவறில்லை. அடுத்த ஆண்டு அதே சோதனையைச் செய்யும்போது, எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் அந்தத் தாளே சொல்லிவிடும்.