மோட்டார் என்ஜினில் பிளாஸ்டிக் உறுப்புகளும் அவற்றின் துப்புரவும்

மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்தால், முன்னாளில் இரும்பும் அலுமினியமுமே பெரிதும் தென்பட்டன. பேக்லைட்டால் ஆன டிஸ்டிரிபியூட்டர் மூடி போன்ற ஒரு சிலவே பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்தவை. இன்றைய வண்டிகளிலோ காற்று வடிகட்டியின் பெட்டி, என்ஜினுக்குக் காற்றைச் செலுத்தும் இன்டேக் மேனிஃபோல்டு, ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள், மின்கம்பி இணைப்புகள் ஆகியவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. உறுப்புகள் மாறிவிட்டன, ஆனால் அவற்றைத் துலக்கும் பழக்கம் மாறவில்லை.

தில்லியில் கோடைப் புழுதிக் காற்று அடங்கியதும், பம்பாயில் மழைக்காலம் முடிந்ததும் வண்டியை மிஸ்திரியிடம் விடுகிறோம். அவர் தூரிகையைப் பெட்ரோலில் தோய்த்து எல்லாவற்றையும் ஒருசேரத் தேய்க்கிறார். இரும்புக்கு இது பொருந்தலாம், பிளாஸ்டிக்குக்குப் பொருந்தாது. ஏன் என்பதைக் காண்போம்.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளன்று. காற்று வடிகட்டியின் பெட்டி பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். இது சோப்பு நீருக்கு அஞ்சாது. பெட்ரோலில் ஊறினால் உப்பி இளகும். மேனிஃபோல்டும் ரேடியேட்டர் தொட்டியும் கண்ணாடி இழை கலந்த நைலான். இது எண்ணெயைத் தாங்கும். ஆனால் வலிய அமிலம் பட்டால் அதன் மூலக்கூறுச் சங்கிலி அறுபடும். ஆகவே, கழிப்பறை கழுவும் அமிலத்தை என்ஜின் அருகே கொண்டு செல்லலாகாது. உறுப்பின் ஓரத்தில் பொறித்துள்ள எழுத்துகளைக் கவனியுங்கள்: பி.பி. என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன், பி.ஏ. 66, ஜி.எஃப். 30 என்றிருந்தால் நூற்றுக்கு 30 பங்கு கண்ணாடி இழை கொண்ட நைலான்.

இவற்றினும் பெரிய அபாயம் தீ. பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் பள்ளமான இடங்களில் தங்கும். உலர்ந்த துணியால் பிளாஸ்டிக்கைத் தேய்க்கையில் எழும் நிலைமின்சாரத்தின் சிறு பொறியே அதைப் பற்றவைக்கப் போதுமானது. ஆதலின், "பெட்ரோல் மத் லகாயியே" என்று மிஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

இனி, செய்யத்தக்க முறையைக் கூறுவோம். என்ஜின் கையால் தொடும் அளவுக்கு முற்றும் ஆறட்டும். சூடான பிளாஸ்டிக்கின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் அது ஒரு பக்கம் மட்டும் சுருங்கும். பல்லாண்டு வெப்பத்தால் நொறுங்கும் தன்மை பெற்ற உறுப்பு அப்போது விரிசல் காணும். பின்னர் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றுக. ஆல்டர்னேட்டரையும் மின்பெட்டிகளையும் பாலிதீன் தாளால் மூடுக. உலர்ந்த புழுதியை மென்மையான தூரிகையால் முதலில் தட்டிவிடுக. பாத்திரம் துலக்கும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் சிறிது கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கவும். இடுக்குகளுக்குப் பழைய பல் தூரிகை போதும். ஈரத் துணியால் சோப்பை அகற்றி, நன்கு உலர்ந்த பின்னரே பேட்டரியை இணைக்கவும். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சுவது கூடாது. அது இணைப்புகளுக்குள் புகுந்துவிடும். பளபளப்புக்காகப் பூசும் சிலிக்கோன் திரவம் பெல்ட்டின் மேல் படலாகாது. பட்டால் பெல்ட் வழுக்கும். மின்சார வண்டிகளிலும் ஹைபிரிட் வண்டிகளிலும் உள்ள ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை. அவற்றைத் தொடாமல் விடுக.

துடைக்கும்போதே கண்ணுக்கும் வேலை கொடுங்கள். ரேடியேட்டர் தொட்டியின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசலோ, காய்ந்த குளிர்நீரின் தடமோ தென்பட்டால் பசையிட்டு ஒட்டாமல் மாற்றிவிடுக. விடுமுறையில் தில்லியிலிருந்து நாகபுரி வழியாக ஊர் நோக்கிப் புறப்படும் குடும்பத்துக்கு, நடுவழியில் நீர் வற்றி என்ஜின் கொதிப்பது பெருந்துன்பம். வீட்டு வாயிலில் செலவிடும் ஒரு மணி நேரம் அத்துன்பத்தைத் தவிர்க்கும்.