283ஆம் பள்ளத்தில் பாட்டியின் குரல்

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பாட்டு வட்டுகள் தூசி படிந்து கிடக்கின்றனவா? ஈப்போவில் உள்ள என் மாமாவிடம் கிட்டத்தட்ட 300 வட்டுகள் இருந்தன. அவர் அவற்றை அலமாரியில் அடுக்கவில்லை. தானே வட்டு மாற்றும் இயந்திரம் ஒன்றில் வைத்திருந்தார்.

சோனி நிறுவனம் ஒரு காலத்தில் 200, 300, 400 வட்டுகள் கொள்ளும் இத்தகைய பெட்டிகளை விற்றது. உள்ளே ராட்டினம் போன்ற ஒரு சுழல்தட்டு இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டு செங்குத்தாக நிற்கும். எண்ணை அழுத்தினால் மோட்டார் தட்டைச் சுழற்றும். உணரி இடத்தைக் கணித்து நிறுத்தும். பிறகு அந்த வட்டு லேசர் படிக்கும் பகுதிக்குள் போகும்.

400 பள்ளங்கள் என்றால் ஒன்றுக்கு 360 ÷ 400 = 0.9 பாகைதான். கொஞ்சம் பிசகினாலும் பக்கத்து வட்டு வந்துவிடும்! 10ஆம் பள்ளத்திலிருந்து 390க்கு முன்னோக்கிப் போனால் 380 இடங்கள். பின்னோக்கிச் சுழன்றால் 20 இடங்கள். இரு பக்கமும் சுழல முடிந்தால் எந்த வட்டும் 200 இடங்களுக்கு மேல் தள்ளி இராது. ஏன் என்று வரைந்து பாருங்கள்.

ஆனால் மாமாவின் இயந்திரத்துக்குத் தெரிந்தது எண் மட்டுமே. எந்த எண்ணில் எந்தப் பாட்டு என்பது அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. ஒரு தீபாவளிக்கு முன் எல்லா வட்டுகளையும் வெளியே எடுத்துத் துடைத்தவர், அகர வரிசையில் வைத்தால் அழகாக இருக்குமே என்று மாற்றி அடுக்கிவிட்டார். நோட்டை மாற்ற மறந்துவிட்டார். தீபாவளிக் காலையில் நாதஸ்வரம் கேட்க 1ஐ அழுத்தினார், குத்துப்பாட்டு அலறியது.

கடையில் வாங்கிய வட்டுகளுக்குப் புதிய பட்டியல் போடுவது சுலபம். வட்டின் உள் ஓரத்தில் ஓர் உள்ளடக்க அட்டவணை பதிந்திருக்கும். எத்தனை பாட்டுகள், ஒவ்வொன்றும் எந்த நிமிடத்தில், எந்த நொடியில், நொடியை 75 ஆகப் பிரித்தால் எத்தனையாவது பங்கில் தொடங்குகிறது என்பது அதில் இருக்கும். பாட்டின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அந்த நேரங்களின் தொகுப்பு கைரேகை மாதிரி. வேறொரு வட்டுக்கு அப்படியே அமைவது அரிது. கணினி அதை இணையத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயர்களை நிரப்பிவிடும்.

சிக்கல் கடைசி 40 வட்டுகளில் வந்தது. அவை வீட்டிலேயே பதிந்தவை. மேலே ஓர் எழுத்துகூட இல்லை. அவற்றில் ஒன்றில்தான் மறைந்த பாட்டி பாடிய தாலாட்டு இருந்தது. உலகத்தில் அதற்கு ஒரே பிரதி. கணினி எதனோடு ஒப்பிடும்? இரண்டு இரவுகள் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். 283இல் கிடைத்தது. வீட்டில் பதியும் வட்டில் தகவல் ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலும் வெப்பமும் அதைக் கெடுத்துவிடும். அன்றிரவே கணினியில் இரண்டு நகல்கள் எடுத்தோம்.

இப்போது மாமா வட்டுகளை இடம் மாற்றுவதே இல்லை. புதியது வந்தால் காலியான பள்ளத்தில் போடுகிறார். அகர வரிசை வேண்டுமா, பாடகர் வரிசை வேண்டுமா, கணினியில் உள்ள பட்டியல் மட்டும் மாறுகிறது. உங்கள் பள்ளி நூலகக் கணினியில் ஒரே புத்தகத்தைத் தலைப்பாலும் ஆசிரியர் பெயராலும் தேட முடிவதும் இதே முறையால்தான்.

அந்தப் பட்டியலில் 283க்கு நேராக மாமா எழுதியிருப்பது ஒரே சொல்: அம்மா.