நேரலை அலைவரிசைக்குப் பார்வையாளர்களைத் திரட்டுதல்

ஒரு நிகழ்வை அது நடக்கும்போதே படம்பிடித்து, அதே வேளையில் பிறர் காணும்படி இணையத்தின் வழியே அனுப்புவது நேரலை எனப்படும். தொடர்ந்து நேரலை வழங்குபவரின் பக்கம் நேரலை அலைவரிசை அல்லது நேரலைச் சேனல் எனப்படுகிறது. யூடியூப், ட்விட்ச், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவை இவ்வசதியைத் தரும் தளங்களுள் முக்கியமானவை. விளையாட்டு, சமையல், இசை, பாடம் நடத்துதல், செய்தி அலசல், கோயில் திருவிழா என எதையும் நேரலையாகத் தரலாம்.

நேரலையைத் தொடங்குவதற்கு ஒரு கைப்பேசியும் இணைய இணைப்பும் போதும். பார்ப்பதற்கு ஆட்களைச் சேர்ப்பதுதான் கடினம். பதிவு செய்த காணொளி பார்வையாளருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். நேரலையில் பார்வையாளர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். ஆகையால் நேரலை அலைவரிசையின் வளர்ச்சி, ஒளிபரப்பு நடக்காத நேரத்தில் செய்யப்படும் வேலையையே பெரிதும் சார்ந்துள்ளது. அந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர், தொப்பியில் ஒரு கேமராவைப் பொருத்திக்கொண்டு தம் அன்றாட வாழ்க்கையை இரவும் பகலும் இணையத்தில் ஒளிபரப்பினார். அவரும் நண்பர்களும் தொடங்கிய அத்தளத்தின் பெயர் ஜஸ்டின்.டிவி. விரைவில் அது யார் வேண்டுமானாலும் நேரலை செய்யக்கூடிய தளமாக மாறியது. அதில் கணினி விளையாட்டுப் பிரிவு மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்ததால், 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்பிரிவு ட்விட்ச் என்ற பெயரில் தனித் தளமாகத் தொடங்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமேசான் நிறுவனம் ட்விட்ச்சைச் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. யூடியூப் 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நேரலை வசதியை அறிமுகம் செய்தது.

சிறிய அலைவரிசை கண்ணில் படாதது ஏன்?

ட்விட்ச் தளத்தில் ஒரு விளையாட்டின் பெயரைத் தெரிவு செய்தால், அப்போது அதை நேரலையில் விளையாடுவோரின் பட்டியல் வரும். அப்பட்டியலை, பார்வையாளர் அதிகமுள்ள அலைவரிசை மேலேயும் குறைவாக உள்ளது கீழேயும் வருமாறு பார்ப்பது வழக்கம். பல்லாயிரம் பேர் பார்க்கும் அலைவரிசை முதல் வரிசையில் நிற்கும். இரண்டு பேர் பார்க்கும் அலைவரிசை நூற்றுக்கணக்கான பெயர்களுக்குக் கீழே கிடக்கும். புதிதாக வருபவர் அவ்வளவு தூரம் இறங்கிப் பார்ப்பதில்லை. கூட்டம் உள்ள இடத்திலேயே மேலும் கூட்டம் சேருகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்குகின்றன. முதலாவது, தளம் தானாகவே பார்வையாளரைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று எதிர்பார்த்து மணிக்கணக்கில் ஒளிபரப்புவதால் பயன் குறைவு. தொடக்கப் பார்வையாளர்களை வெளியிலிருந்துதான் அழைத்து வர வேண்டும். இரண்டாவது, எந்தப் பிரிவில் ஒளிபரப்புகிறோம் என்பது முக்கியம். ஆயிரம் பேர் ஒளிபரப்பும் பிரிவில் ஐந்து பார்வையாளர் கொண்ட அலைவரிசை காணாமற்போகும். பத்துப் பேர் மட்டுமே ஒளிபரப்பும் பிரிவில் அதே அலைவரிசை முதல் பக்கத்திலேயே தெரியும். அதே வேளையில், அப்பிரிவைத் தேடி வருபவர்கள் ஓரளவேனும் இருக்க வேண்டும். எவரும் தேடாத பிரிவில் முதலிடம் பெறுவதால் பயனில்லை.

சராசரிப் பார்வையாளர் கணக்கு

நேரலையின் நிலையை அளக்க, மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, ஒரே நேரத்தில் சராசரியாக எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே பயன்படுகிறது. எல்லோரும் பார்த்த நிமிடங்களைக் கூட்டி, நேரலை நடந்த நிமிடங்களால் வகுத்தால் இந்தச் சராசரி கிடைக்கும்.

120 நிமிடம் நடந்த ஒரு நேரலைக்கு 100 பேர் வந்து, ஒவ்வொருவரும் 6 நிமிடத்தில் போய்விட்டதாகக் கொள்வோம். பார்த்த மொத்த நேரம் 600 நிமிடம். அதை 120ஆல் வகுத்தால் சராசரி 5. இன்னொரு நேரலைக்கு 20 பேர் மட்டுமே வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் 60 நிமிடம் இருந்தார்கள். பார்த்த மொத்த நேரம் 1200 நிமிடம், சராசரி 10. ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள் வந்த நேரலைக்கு இருமடங்கு சராசரி கிடைத்திருக்கிறது. எனவே விளம்பரம் செய்து ஆட்களை வரவழைப்பது பாதி வேலைதான். வந்தவரை இருக்கச் செய்வது மீதிப் பாதி.

2017இல் ட்விட்ச் சிறிய அலைவரிசைகளும் வருமானம் ஈட்ட வழிசெய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது வைத்த நிபந்தனைகளும் இக்கணக்கை ஒட்டியவையே. 30 நாட்களுக்குள் 7 வெவ்வேறு நாட்களில் மொத்தம் 500 நிமிடம் ஒளிபரப்ப வேண்டும். சராசரியாக 3 பேர் பார்க்க வேண்டும். 50 பேர் பின்தொடர வேண்டும். மூன்று பேர் என்பது மிகச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் நேரலை முழுவதும் மூன்று பேரை இருக்க வைப்பது புதியவர்களுக்கு எளிதன்று.

நேரலைக்கு முன் செய்ய வேண்டியவை

நேர அட்டவணை: வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு நேரலை வரும் என்பதை முடிவு செய்து, அதை மாற்றாமல் பின்பற்ற வேண்டும். வாரச் சந்தை ஒரே கிழமையில் கூடுவதால்தான் மக்கள் தேடி வருகிறார்கள். நேரலைக்கும் அதுவே விதி. வாரம் இரண்டு நாள் தவறாமல் வருவது, ஒரு வாரம் தினமும் வந்துவிட்டு அடுத்த வாரம் மறைந்துபோவதைவிட மேலானது.

தலைப்பும் முகப்புப் படமும்: ‘நேரலை 14’ என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. ‘பத்தாம் வகுப்புக் கணிதம்: முக்கோணவியல் ஐந்து மதிப்பெண் வினாக்கள்’ என்ற தலைப்பு, யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது. தேடுவோர் தட்டச்சு செய்யும் சொற்களே தலைப்பில் இருக்க வேண்டும். முகப்புப் படத்தில் உள்ள எழுத்து கைப்பேசித் திரையிலும் படிக்கும்படி பெரியதாக இருப்பது நல்லது.

முன்னறிவிப்பு: யூடியூபில் நேரலையை முன்கூட்டியே திட்டமிட்டு அதன் இணைப்பைப் பெறலாம். விரும்புவோர் நினைவூட்டலை வைத்துக்கொள்வர். அந்த இணைப்பை, அப்பொருளில் உண்மையான ஆர்வம் உள்ள வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பகிரலாம். தொடர்பில்லாத குழுக்களில் திரும்பத் திரும்பப் போடுவது எரிச்சலையே தரும். குழுவில் ஏற்கெனவே உரையாடி, பிறர் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வந்தவரின் அழைப்புக்குத்தான் மதிப்பு உண்டு.

கருவிகளைச் சோதித்தல்: கணினியிலிருந்து நேரலை செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற கட்டற்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இணையத்தின் பதிவேற்ற வேகத்தை முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். பதிவிறக்க வேகம் கூடுதலாக இருந்தாலும் பதிவேற்ற வேகம் குறைவாக இருந்தால் படம் திக்கித் திக்கி வரும். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், ஒலி தெளிவாக இல்லையெனில் உடனே வெளியேறிவிடுவர். செலவு செய்வதானால் முதலில் நல்ல ஒலிவாங்கிக்குச் செய்யலாம். யூடியூபில் முதன்முறை நேரலையை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், அதற்கு முந்தைய நாளே விண்ணப்பித்துவிட வேண்டும்.

நேரலையின்போது செய்ய வேண்டியவை

நேரலையின் தனித்தன்மை, பார்ப்பவரும் அதில் பங்குகொள்ள முடிவதே. இதன் ஆற்றலை 2014ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ட்விட்ச்சில் நடந்த ஒரு சோதனை காட்டியது. போக்கிமான் விளையாட்டின் கட்டுப்பாட்டைப் பார்வையாளர்களிடமே விட்டுவிட்டார்கள். அரட்டையில் அவர்கள் தட்டச்சு செய்த ஆணைப்படி விளையாட்டின் நாயகன் நகர்ந்தான். ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் ஆணையிட்டதால் பெருங்குழப்பம் ஏற்பட்டது. ஆயினும் பதினாறு நாட்களில் அவர்கள் விளையாட்டை வென்று முடித்தார்கள். 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். தம் செயலால் திரையில் ஏதோ மாறுகிறது என்ற உணர்வே அவர்களைக் கட்டிப்போட்டது.

சிறிய அலைவரிசைக்கு இதில் ஒரு நன்மை உண்டு. ஐம்பதாயிரம் பேர் பார்க்கும் இடத்தில் ஒருவரின் கேள்வி நொடியில் மறைந்துவிடும். ஐந்து பேர் பார்க்கும் இடத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்கலாம். சென்ற வாரம் அவர் கேட்ட கேள்வியை நினைவுபடுத்தலாம். அரட்டையில் எவரும் எழுதாத நேரத்திலும் செய்வதை விளக்கிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது உள்ளே வரும் ஒருவர் மௌனத்தைக் கண்டால் திரும்பிவிடுவார். பேச்சு பார்வையாளரைச் சென்றடையச் சில நொடிகள் தாமதமாகும் என்பதையும் மறக்கக் கூடாது. கேள்வி கேட்டவுடன் பதில் வரவில்லை என்று அடுத்ததற்குத் தாவாமல் சற்றுப் பொறுக்க வேண்டும்.

இடையில் வருபவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆகவே பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அன்றைய பொருளை ஓரிரு வரிகளில் சொல்வது பயன்தரும்.

நேரலைக்குப் பின் செய்ய வேண்டியவை

இரண்டு மணி நேர நேரலையைப் புதியவர் முழுதாகப் பார்ப்பது அரிது. அதில் சிறந்த ஒரு நிமிடத்தை வெட்டி யூடியூப் ஷார்ட்ஸாகவோ இன்ஸ்டாகிராம் ரீல்ஸாகவோ வெளியிட்டால், அது புதியவர் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். அத்தளங்கள் சிறு காணொளிகளை, அந்த அலைவரிசையை அறியாதவர்களுக்கும் பரிந்துரைக்கின்றன. அவ்வாறு பார்த்தவர்களுள் சிலர் அடுத்த நேரலைக்கு வருவர். சிறு காணொளியின் முடிவில் நேரலையின் நாளையும் நேரத்தையும் குறிப்பிட வேண்டும்.

பின்னணியில் திரைப்படப் பாடலை ஒலிக்கவிட்டால் இவ்வேலை கெட்டுவிடும். உரிமை பெறாத இசையால் பதிவு முடக்கப்படலாம், ஒலி நீக்கப்படலாம், அலைவரிசைக்கே எச்சரிக்கை வரலாம். 2020ஆம் ஆண்டு ட்விட்ச்சில் பதிப்புரிமைப் புகார்கள் குவிந்தபோது பலர் தம் பழைய பதிவுகளை இழந்தார்கள்.

மற்ற அலைவரிசைகளோடு சேர்ந்து இயங்குவதும் நல்ல வழி. ட்விட்ச்சில் நேரலையை முடிக்கும்போது தம் பார்வையாளர்களை மொத்தமாக இன்னொருவர் நேரலைக்கு அனுப்பலாம். இதற்கு ரெய்டு என்று பெயர். தம்மைப் போன்ற அளவுள்ள, அதே துறையில் இயங்கும் அலைவரிசையைத் தெரிவு செய்தால் இருவருக்கும் பயன் உண்டு.

போலி எண்ணிக்கை

பணம் கொடுத்தால் பார்வையாளர் எண்ணிக்கையை உயர்த்தித் தருவதாகச் சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அவர்கள் அனுப்புவது மனிதர்களையன்று, தானியங்கி நிரல்களை. பட்டியலில் மேலே தெரிய வேண்டும் என்ற ஆசையே இந்த வணிகத்துக்கு அடிப்படை. 2016ஆம் ஆண்டு ட்விட்ச் இத்தகைய நிரல்களை விற்றவர்கள் மீது வழக்குத் தொடர்ந்தது. யூடியூபும் போலி எண்ணிக்கையையும், ‘நீ எனக்குச் சந்தா செய், நான் உனக்குச் செய்கிறேன்’ என்ற ஏற்பாட்டையும் தடை செய்துள்ளது. கண்டறியப்பட்டால் அலைவரிசை நீக்கப்படலாம். கண்டறியப்படாவிட்டாலும் பயனில்லை. திரையில் 200 பேர் என்று காட்டும். கேள்வி கேட்டால் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள்.

உழைப்பும் ஓய்வும்

புகழ்பெற்றவர்களுக்கும் இத்துறையில் நிம்மதி குறைவு. நிஞ்சா என்ற பெயரில் அறியப்படும் டைலர் பிளெவின்ஸ், 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாடகர் டிரேக்குடன் விளையாடியபோது ஒரே நேரத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம், இரண்டு நாட்களுக்கும் குறைவான நேரம் ஒளிபரப்பாமல் இருந்ததற்கே 40,000 சந்தாதாரர்களை இழந்ததாக அவர் தெரிவித்தார். உச்சியில் இருப்பவருக்கே இந்த அச்சம் என்றால், தொடங்குபவர் தூக்கத்தையும் படிப்பையும் விட்டு ஓடுவதில் வியப்பில்லை. ஆயினும் மேலே கண்டபடி, ஒளிபரப்பும் மணிநேரத்தைக் கூட்டுவதால் மட்டும் சிறிய அலைவரிசை வளர்வதில்லை. எட்டு மணி நேரம் ஒளிபரப்புவதைவிட, இரண்டு மணி நேரம் ஒளிபரப்பிவிட்டு ஒரு மணி நேரம் அதிலிருந்து சிறு காணொளி தயாரிப்பது கூடுதல் பயன் தரும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

2025ஆம் ஆண்டு ஜூலை 22 முதல் யூடியூபில் தனியாக நேரலை செய்யக் குறைந்தபட்ச வயது 16. அதற்குக் குறைந்த வயதினர் நேரலையில் தோன்ற, பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். வீட்டு முகவரி, கைப்பேசி எண், பள்ளிச் சீருடை, அடையாள அட்டை, சன்னலுக்கு வெளியே தெரியும் கடைப் பலகை ஆகியவை திரையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரலையில் ஒருமுறை வெளிப்பட்டதைத் திரும்பப் பெற இயலாது. அரட்டையில் தகாத சொற்களைத் தடுக்கும் வசதியை இயக்கி, நம்பிக்கையான ஒருவரை அரட்டையைக் கவனித்துக்கொள்ளச் செய்யலாம்.

மூன்று மாதம் என்பது போன்ற ஒரு கால அளவை முன்பே வகுத்துக்கொண்டு, சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கையை வாரந்தோறும் குறித்து வருவது நல்லது. எண் உயராவிட்டால் நேரம், பொருள், தலைப்பு ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. இத்துறையில் வருமானம் உறுதியானதன்று. பெரும் பணம் ஈட்டுவோர் மிகச் சிலரே. ஆனால் கூச்சமின்றிப் பேசுதல், ஒலி ஒளி அமைப்பு, காணொளி தொகுத்தல், கேட்டவருக்குப் பொறுமையாக விளக்குதல் ஆகிய திறன்கள், அலைவரிசை வளர்ந்தாலும் வளராவிட்டாலும் செய்பவரிடமே தங்கும்.