திறந்த மூல மென்பொருளில் வியாபாரிக்கும் பங்குண்டு

பில் போடுவதற்கும் இருப்புப் பார்ப்பதற்கும் கணனி வைத்திருக்கும் கடைகள் இன்று நமது சிறு நகரங்களிலும் உண்டு. அவற்றில் காசு கொடுத்து வாங்காத மென்பொருள்களும் ஓடுகின்றன. அவை இரு வகை. ஒன்று, களவாகப் பிரதி எடுத்தவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரல்களையும் பாதுகாப்பதால், அது சட்டவிரோதமானது. மற்றையது, எவரும் பயன்படுத்தலாம் என்று ஆக்கியவர்களே அனுமதித்து வெளியிடும் திறந்த மூல மென்பொருள்கள். இவற்றைப் பயன்படுத்துவதுடன் நிற்காமல் இவற்றின் ஆக்கத்தில் வியாபாரிகளும் எவ்வாறு பங்கெடுக்கலாம், அதனால் நமக்கு என்ன இலாபம் என்பதை இவ்வாரம் விளக்க விரும்புகிறேன்.

மென்பொருள் ஒன்றை ஆக்குவதற்கு எழுதப்படும் கட்டளைகளுக்கு மூல நிரல் என்று பெயர். வழக்கமான கம்பனிகள் இதனை வெளியில் காட்டுவதில்லை. திறந்த மூல மென்பொருளில் இது எல்லோருக்கும் திறந்திருக்கும். படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இதற்குச் சிறந்த உதாரணம். உங்கள் சட்டைப்பையில் இருப்பது அன்ட்ரொயிட் தொலைபேசியானால், அதன் அடித்தளத்திலும் லினக்ஸ்தான் இருக்கிறது.

"இலவசமாக யார் வேலை செய்வார்கள்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லாம் தர்மத்துக்காக நடப்பதில்லை. ஒரு வீதியில் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு இராக் காவலாளியை வைத்துக்கொள்வதில்லையா? தனித்தனியே பத்துப் பேரை வைப்பதை விட அது மலிவு. பெரிய கம்பனிகள் தமது பொறியியலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து லினக்ஸில் வேலை செய்ய விடுவதும் இதே கணக்கில்தான்.

இத்துறையில் இலங்கை பின்தங்கிய நாடல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றின் விபரங்களைத் திரட்ட நமது நாட்டு இளைஞர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை ஆக்கினார்கள். அது திறந்த மூலமாக இருந்ததால், பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் உதவியது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அமைப்பு அதற்கு வழங்கியது. 2020இல் கொரோனா தொற்று பரவியபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் திறந்த மூலச் சுகாதார மென்பொருளில் இலங்கையர் செய்த மாற்றங்களைப் பல நாடுகள் எடுத்துப் பயன்படுத்தின.

ஆனால் பங்கெடுப்பதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தப்பெண்ணம். எங்கள் கடை அனுபவத்தையே சொல்கிறேன்.

திறந்த மூலக் கணக்கியல் மென்பொருள் ஒன்றைப் பரீட்சித்துப் பார்த்தோம். தமிழில் பார்க்கும் வசதியும் இருந்தது. உயர்தரத்தில் கணக்கீடு படித்துவிட்டு எங்களிடம் கணக்கு எழுதும் தம்பி முதல் நாளே ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். இலங்கைப் பாடநூல்களில் டெபிட் என்பது வரவு, கிரெடிட் என்பது செலவு. தமிழ்நாட்டிலோ டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பதுதான் வரவு. மொழிபெயர்த்தவர்கள் தமிழ்நாட்டு வழக்கைக் கையாண்டிருந்தார்கள். அது அவர்களுடைய தவறல்ல. அவர்களுக்கு அதுவே சரி.

இதன் விளைவைப் பாருங்கள். 25,000 ரூபாவுக்குக் காசு விற்பனை நடந்தால், நமது முறைப்படி காசுக் கணக்கை வரவு வைக்க வேண்டும். நமது பிள்ளை அந்தத் தொகையைத் திரையில் 'வரவு' என்று இருக்கும் நிரலில் போட்டால், காசு கூடுவதற்குப் பதிலாகக் குறையும். விற்பனையும் தலைகீழாகப் பதியும். இரு பக்கமும் சமப்படுவதால் பரீட்சை மீதியிலும் இந்தப் பிழை தெரியாது. எவ்வளவு திறமையான நிரலாளர் என்றாலும், இலங்கையில் கணக்குப் படித்த ஒருவர் சொல்லாமல் இது அவருக்குத் தெரியவராது.

இரு வழிகள் இருந்தன. யாராவது ஒருவருக்குக் காசு கொடுத்து எங்கள் பிரதியில் மட்டும் சொற்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்த மாற்றம் அழிந்துபோகும், மீண்டும் காசு. அல்லது மென்பொருளை ஆக்குவோருக்கே எழுதலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். தம்பி இரு நாட்டுச் சொற்களையும் அட்டவணையாக்கி, பாடநூல் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினார். அவர்கள் மேலும் சில விளக்கங்கள் கேட்டார்கள். சில மாதங்கள் சென்றன. இலங்கைக்கென்று தனிச் சொற்பட்டியல் அடுத்த பதிப்பில் வந்தது. இனி அதைப் பராமரிப்பது எங்கள் தலையில் இல்லை.

நீங்களும் இவ்வாறு ஈடுபட விரும்பினால் சில விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளையே தெரிவு செய்யுங்கள். அதன் குறை நிறை உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, முறைப்பாடு செய்யுமுன் அதே குறையை வேறொருவர் ஏற்கனவே அறிவித்திருக்கிறாரா என்று பாருங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்தப் பதிப்பு, எதை அழுத்தினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்ற நான்கையும் எழுதுங்கள்.

மூன்றாவது, திரைப்படம் பிடித்து அனுப்பும்போது வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், கடன் விபரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. நீங்கள் அனுப்புவதை உலகமே பார்க்கும். பொய்யான பெயர்களைப் போட்டு மாதிரி ஒன்று தயாரித்து அனுப்புங்கள்.

நான்காவது, பதில் தாமதித்தால் கோபிக்க வேண்டாம். மறுபக்கம் இருப்பவர் பகலில் வேறு வேலை செய்துவிட்டு இரவில் இதைப் பார்ப்பவராக இருக்கலாம்.

ஐந்தாவது, நேரம் இல்லாவிட்டால் பணம் கொடுக்கலாம். அல்லது கணனி படித்த ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு உங்கள் தேவையைச் சொல்லி, கூலி கொடுத்து, அவர் எழுதுவதை அந்த மென்பொருளுக்கே சேர்க்கச் சொல்லலாம். அவர் பெயரும் வேலையும் பகிரங்கமாகப் பதிவாகும். தொழில் தேடும்போது சான்றிதழுடன் அதையும் காட்டலாம்.

"எங்கள் வியாபார இரகசியம் போய்விடுமே" என்ற பயம் சிலருக்கு உண்டு. உங்கள் கணக்கும் விலைப்பட்டியலும் உங்களிடமே இருக்கும். பரவலாக உள்ள ஜி.பி.எல். அனுமதிப்பத்திரத்தின்படி, மென்பொருளை மாற்றி உங்கள் கடைக்குள் மட்டும் பயன்படுத்தினால் மாற்றத்தை வெளியிட வேண்டிய கட்டாயமில்லை. மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் அல்லது விற்றால், அதன் மூல நிரலையும் பெற்றுக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

நமது கணக்கு முறையும் நமது சொல்லும் மென்பொருளில் இருக்க வேண்டுமானால், அவற்றை அறிந்த நாம்தான் சொல்ல வேண்டும். இவ்வாரம் உங்கள் கடைக் கணனியில் உங்களுக்குத் தொல்லை தரும் ஒரு குறையை மேற்சொன்ன நான்கு விபரங்களுடன் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாதி வேலை அத்துடன் முடிந்துவிடும்.