சீட்டுக் குலுக்கிப் பெற வேண்டிய இடம்



ஜும்ஆ நாளில் பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் கண்களைச் சற்றே சுழற்றிப் பாருங்கள். மிம்பருக்கு எதிரே முதல் வரிசையில் ஆங்காங்கே இடம் காலியாகக் கிடக்கும். பின்சுவரை ஒட்டிய வரிசையோ அதற்குள் நிறைந்திருக்கும். பேருந்தில் முன்னிடம் தேடுகிறோம். கல்யாணப் பந்தியில் முதல் பந்திக்கு முந்துகிறோம். ரேஷன் கடையில் ஒருவர் நமக்கு முன்னே புகுந்துவிட்டால் பொறுக்க மாட்டோம். அத்தகைய நாம், இறையில்லத்தில் மட்டும் கடைசி இடத்தைத் தேடி அமர்வது ஏன்?

பாங்கு சொல்வதிலும் முதல் வரிசையில் நிற்பதிலும் உள்ள நன்மை இன்னதென மக்கள் அறிந்திருந்தால், சீட்டுக் குலுக்கித்தான் அதனை அடைய முடியும் என்ற நிலை வந்தாலும் அதற்கும் இசைவார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. தொழுகை வரிசைக்குச் சீட்டா என்று சிலர் வியக்கலாம். பழவேற்காடு ஏரிக்கரையில் வாழ்வோருக்கு இதில் வியப்பேதும் இராது.

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொண்டிருக்கும் இவ்வேரி, சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். மரக்கலங்களில் வாணிகம் செய்த முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர் இது. தொழுகை நேரம் கணிக்க அமைத்த சூரியக் கடிகாரம் இவ்வூர்ப் பள்ளிவாசலின் பெருமை. பனையோலையில் அழகிய பெட்டிகள் முடைவதில் இவ்வூர் முஸ்லிம் பெண்மணிகள் கைதேர்ந்தவர்கள்.

இவ்வேரியை அண்டிய கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. கடல்நீர் ஏரிக்குள் ஏறி இறங்கும் முகத்துவாரத்தை அடுத்த பகுதிகளில், கழிகளை நட்டு வலை கட்டி இறால் பிடிப்பார்கள். எல்லா இடமும் ஒன்றுபோல் இராது. நீரோட்டம் நன்கு பாயும் இடத்தில் வலை நிறையும். சற்றுத் தள்ளிப் போனால் வெறும் பாசிதான் மிஞ்சும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களிலோ நல்ல இடங்கள் மேலும் சுருங்கிவிடும்.

வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் இளைத்தவன் வீட்டில் அடுப்பு எரியுமா? அதனால்தான் அவர்கள் கூடிச் சீட்டுக் குலுக்குகிறார்கள். சீட்டு எந்த இடத்தைக் காட்டுகிறதோ அந்த இடத்தில் வலை கட்டுகிறார்கள். முறை மாறி மாறி வருவதால் நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமாகிவிடுவதில்லை. இவர்கள் பெரும்பாலும் பட்டினவர் சமூகத்தார். நம் மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் அல்லர். எனினும் அந்த நபிமொழியின் பொருளை நமக்குக் கண்முன்னே காட்டுகிறார்கள்.

சீட்டுக் குலுக்கல் எப்பொழுது தேவைப்படுகிறது? இரண்டு நிபந்தனைகள் கூடும்போதுதான். அந்த இடத்தை எல்லாரும் விரும்ப வேண்டும். அந்த இடத்தில் எல்லாருக்கும் சம உரிமை இருக்க வேண்டும். இறால் பாயும் இடத்தை விட்டு, “எனக்குப் பாசி படியும் மூலையே போதும்” என்று சொல்லும் மீனவர் உண்டா? “நான் செல்வந்தன், எனக்குச் சீட்டு எதற்கு?” என்று அங்கே ஒருவர் சொன்னால் ஊர் ஒப்புமா? நம் பள்ளிவாசல்களில் முதல் வரிசை காலியாகக் கிடக்கிறது என்றால், இவ்விரண்டில் ஒன்று நம்மிடம் குறைந்துவிட்டது என்பதே பொருள்.

விருப்பம் குறைந்தவர்களை முதலில் பார்ப்போம். சிலர் தாமதமாக வருகிறார்கள். சிலர் சுவரில் சாய்ந்துகொள்ள வசதி தேடுகிறார்கள். வேறு சிலர் ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாய் வெளியேறிச் செருப்பை மாட்டிக்கொள்ள வாசலருகே இடம் பார்க்கிறார்கள். ஜும்ஆவுக்கு முதல் வேளையில் வருபவருக்கு ஒட்டகத்தைக் குர்பானி கொடுத்த நன்மை என்றும், அது மாடு, ஆடு, கோழி எனக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் முட்டையளவுக்கு இறங்கிவிடும் என்றும், இமாம் வந்துவிட்டால் மலக்குகள் குத்பாவைக் கேட்கச் சென்றுவிடுவார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தோழர்களில் சிலர் பின்தங்கி நிற்பதைக் கண்டபோது, முன்னே வருமாறு அவர்களை அழைத்தார்கள். பின்தங்குவதையே வழக்கமாக்கிக் கொள்பவர்களை அல்லாஹ்வும் பின்தங்கச் செய்துவிடுவான் என்று அஞ்ச வைத்தார்கள். இன்று வரிசையில் பின்தங்கும் பழக்கம், நாளை மற்ற நற்செயல்களிலும் பின்தங்கச் செய்துவிடும் அன்றோ?

ஆனால், பின்னே அமர்பவர் எல்லாரும் அலட்சியக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்களின் சபைக்கு ஒருமுறை மூவர் வந்தனர். ஒருவர் வட்டத்தில் இடைவெளி கண்டு அமர்ந்தார். மற்றவர் நாணிப் பின்னால் அமர்ந்தார். மூன்றாமவர் திரும்பிச் சென்றுவிட்டார். முதலாமவருக்கு அல்லாஹ் அடைக்கலம் தந்தான் என்றும், நாணியவரின் நாணத்தை அவன் மதித்தான் என்றும், புறக்கணித்தவரை அவனும் புறக்கணித்தான் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்தார்கள். நாணிப் பின்னால் இருந்தவரை அவர்கள் இகழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கேதான் இரண்டாவது நிபந்தனை வருகிறது. விடியுமுன் படகேறி வலை இழுத்தவர், மீன் கூடை சுமந்தவர், கூலி வேலை பார்த்தவர் ஆகியோர் குளித்துத் துவைத்த ஆடை அணிந்து வந்த பின்னும், கடைசி வரிசையிலேயே ஒதுங்கி நிற்பதை நாம் காண்கிறோம். “முன்வரிசை பெரியவர்களுக்கு உரியது, நமக்கு எதற்கு?” என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் வேரூன்றியிருக்கிறது. பச்சை வெங்காயம், பூண்டு தின்ற வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று மார்க்கம் சொல்வது உண்மையே. ஜும்ஆவுக்குக் குளிப்பதும் நறுமணம் பூசுவதும் சுன்னத்தே. ஆயினும் மார்க்கம் விலக்கச் சொன்னது வாடையைத்தான், தொழிலை அன்று. குளித்து வந்த மீனவர் முதல் வரிசைக்கு வரத் தடையேதும் இல்லை.

அப்படியானால் தடையாக இருப்பது எது? முன்கூட்டியே விரித்து வைக்கப்பட்ட துண்டு. தாமதமாக வந்தும் தோள்களைத் தாண்டி முன்னே செல்லும் பிரமுகர். ஏழை முன்னே அமர்ந்தால் ஏற இறங்கப் பார்க்கும் பார்வை. அமர்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் மற்றவர் அமரலாகாது என்பது இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி. ஜும்ஆவில் மக்களின் கழுத்துகளைத் தாண்டி வந்த ஒருவரை, பிறருக்குத் தொல்லை தந்துவிட்டீர் என்று கூறி நாயகம் (ஸல்) அவர்கள் உட்காரச் செய்தார்கள். சபைகளில் பிறருக்கு இடம் விட்டுக் கொடுக்குமாறு திருமறையின் 58ஆவது அத்தியாயம் 11ஆவது வசனம் பணிக்கிறது. முதல் வரிசை முந்தி வந்தவருக்குரியது. முத்தவல்லிக்கோ முதலாளிக்கோ பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதன்று.

பெண்களின் வரிசைகளில் கடைசி வரிசையே சிறந்தது என்று முஸ்லிம் நூலில் வந்துள்ளது. ஆண்கள் அந்தச் சிறப்பைத் தமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை!

சகோதரர்களே! இந்த வெள்ளிக்கிழமை பாங்கொலிக்கு முன்பே புறப்படுங்கள். வீட்டார் அனைவரும் அதற்கு உதவுங்கள். முன்னே இடைவெளி கண்டால் நிரப்புங்கள். பின்னால் ஒருவர் தயங்கி நின்றால் கையைப் பற்றி அழைத்து உங்கள் அருகே நிறுத்துங்கள். முதல் வரிசையில் துண்டு விரித்து வைக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால், அதை மடித்துத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாரும் விரும்பி, எல்லாருக்கும் உரிமையாகி, சீட்டுக் குலுக்கினால்தான் முதல் வரிசையில் இடம் என்னும் நாள் நம் பள்ளிவாசல்களில் வர வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.